பழைய உழவு இயந்திரம்: திருத்துவதா, உயர்ந்த பாகம் பூட்டுவதா?



காலபோக மழை இறங்கிய பின் வயலைப் புரட்டுவதற்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு இயந்திரம் ஒன்று பழுதாகி நின்றுவிடின், அதனை உடையவர் மட்டுமன்றி, அதனை வாடகைக்கு நம்பியிருக்கும் அயலவர் பலரும் விதைப்பிற் பிந்துவர். பிந்தி விதைத்த நெல் கதிர் தள்ளும் வேளையில் நீர் குறைந்துவிடும். ஆதலின், பழைய இயந்திரத்தின் தேய்ந்த பாகத்தைப் பழையபடி திருத்துவதா, அன்றி அதனினும் உயர்ந்த பாகத்தைப் பூட்டுவதா என்னும் கேள்வி, கராச்சுக்காரரிடம் மட்டும் விட்டுவிடத்தக்கதன்று. அது கமக்காரர் தாமே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டியதொன்றாகும். நெடுங்கேணி, ஒலுமடு, கனகராயன்குளம் ஆகிய பகுதிகளிலுள்ள கமக்காரரை முன்னிட்டு இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

1. முதலில் உங்கள் இயந்திரத்தை அறிக

நம் நாட்டின் உலர்வலயம் எங்கும் பரவலாகக் காணப்படும் பழைய நாற்சில்லு இயந்திரங்கள் மசி பெர்கூசன் 35, 135, 240 ஆகியவையாம். இவற்றுள் 35 என்பது 1957ஆம் ஆண்டிலும், 135 என்பது 1964ஆம் ஆண்டின் இறுதியிலும் வெளிவந்தன. 135, 240 ஆகிய இரண்டின் டீசல் இயந்திரமும் மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் வகையாகும். அதன் கொள்ளளவு சுமார் 2.5 லீற்றர். 135 இன் வலு சுமார் 45 குதிரைவலு, பி.ரி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டில் அதில் ஏறத்தாழ 38 குதிரைவலுவே கிடைக்கும். இவ்விலக்கங்களை நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் உதவும்.

வன்னியிலுள்ள இயந்திரங்களுக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டு முதல் எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் முதலியவற்றை இங்கு கொண்டுவருதல் நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தபோது எண்ணற்ற இயந்திரங்கள் முல்லைத்தீவுக் கரையோரத்திற் கைவிடப்பட்டுக் கிடந்தன. இக்காலங்களில் நம் திருத்துநர் கிடைத்த பாகத்தைக் கொண்டு கிடைத்த இயந்திரத்தை ஓடச்செய்தனர். ஒன்றின் முன் அச்சு மற்றொன்றில் ஏறிற்று. ஒன்றின் கியர்ப்பெட்டி வேறொன்றின் பின்னே பூட்டப்பட்டது. அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும் அதன் விளைவாக, மூடியில் 135 என்று எழுதியிருப்பினும் உள்ளே இருப்பவை எல்லாம் 135 இன் பாகங்கள் என்று கொள்ள இயலாது.

ஆகவே, எதனையும் வாங்குமுன் இயந்திர எண், கியர்ப்பெட்டி வகை, கிளச்சுத் தட்டின் விட்டம், பற்றரியின் எந்த முனை உடலுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்க. சென்னையில் 1960 இல் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் மசி பெர்கூசன் மரபில் இயந்திரங்களைச் செய்து வருகின்றது. அங்கிருந்து வரும் பாகங்கள் பல நம் இயந்திரங்களுக்குப் பொருந்துவன; எல்லாம் பொருந்துவன அல்ல. கழற்றிய பழைய பாகத்தை உடன் கொண்டுசென்று, அளந்து பார்த்து வாங்குதலே சாலச்சிறந்தது.

2. தீர்மானிக்குமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது: இப்பாகம் ஏன் பழுதாயிற்று? வயது முதிர்ந்து தேய்ந்ததாயின் அது இயல்பு. ஒரே பாகம் இரண்டு போகத்துக்கு ஒருமுறை உடையுமாயின், காரணம் வேறிடத்தில் உள்ளது. காரணத்தை நீக்காது உயர்ந்த பாகம் பூட்டினால் அதுவும் உடையும்.

இரண்டாவது: இயந்திரம் செய்யும் வேலை மாறியுள்ளதா? கொத்துக் கலப்பையும் பெட்டியும் மட்டும் இழுத்த இயந்திரம் இன்று சுழல்கலப்பையை இயக்கி, இரவிலும் ஓடுமாயின், பழைய பாகம் புதிய வேலைக்குப் போதாதிருக்கலாம். வேலை மாறாதாயின் பழைய அளவுப் பாகமே போதும்.

மூன்றாவது: உயர்ந்த பாகம் பூட்டினால் மேலதிகச் சுமை எங்கே செல்லும்? சங்கிலியில் ஒரு கண்ணியைத் தடிப்பாக்கினால் அடுத்த கண்ணி அறும். மலிவான பாகத்தில் இருந்த பலவீனத்தை விலையுயர்ந்த பாகத்துக்கு மாற்றிவிடலாகாது.

நான்காவது: அப்பாகம் அடுத்தமுறை பழுதானால் எங்கே கிடைக்கும்? புளியங்குளத்திலோ வவுனியாவிலோ ஒரே நாளிற் கிடைக்கும் சாதாரணப் பாகம், கொழும்பிலிருந்து பத்து நாளில் வரும் சிறந்த பாகத்தினும் மேலானது. 2022 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் டீசலும் இறக்குமதிப் பொருட்களும் அரிதானதைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்.

3. பாகம் பாகமாக ஆராய்தல்

இயந்திரம். புகையின் நிறத்தை முதலிற் பார்க்க. நீலப் புகை, எண்ணெய் எரிகின்றது என்பதைக் காட்டும். பிஸ்டன் றிங், லைனர், வால்வு ஆகியவற்றின் தேய்வு காரணமாகலாம். கரும்புகை, டீசலுக்கேற்ற காற்று கிடைக்கவில்லை அல்லது டீசல் அதிகம் செல்கின்றது என்பதைக் காட்டும். இதற்கு இயந்திரத்தைத் திறத்தல் வேண்டா, காற்று வடிகட்டியையும் டீசல் தூவும் முனைகளையும் சோதித்தாற் போதும். இவ்வகை இயந்திரத்தின் லைனர்கள் மாற்றக்கூடியவை. ஆதலின், முறையாகப் புதுப்பித்த பழைய இயந்திரம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். வேறு வாகனத்தின் பெரிய இயந்திரத்தை ஏற்றுதல் நன்றன்று. அதன் வலுவைப் பின் கியர்கள் தாங்கா.

இயந்திரத்தின் பின்பக்கச் சீலில் எண்ணெய் ஒழுகுமாயின், சீலை மட்டும் மாற்றி அமையற்க. றிங்குகள் தேய்ந்து உள்ளே காற்றழுத்தம் கூடியிருப்பின், புதிய சீலும் சில வாரங்களில் ஒழுகத் தொடங்கும்.

டீசல் பம்பி. வலு குறைந்தது என்று பம்பியின் முத்திரையிட்ட திருகைத் திறந்து டீசலைக் கூட்டுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். இதனாற் சிறிது வலு கூடும். அதனுடன் கரும்புகையும் வெப்பமும் கூடிப் பிஸ்டன் எரியும். இப்பம்பியின் உட்பாகங்கள் டீசலினாலேயே வழவழப்பூட்டப்படுபவை. எனவே டீசலில் நீர் கலப்பினும், மண்ணெண்ணெய் கலப்பினும் பம்பி விரைவில் தேயும். பம்பியைத் தகுந்த பட்டறையிற் சோதித்துத் திருத்துவிக்க. இங்கே செய்யத்தக்க உயர்த்தல் ஒன்று உண்டு: டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணத்துடன் கூடிய வடிகட்டியொன்றை மேலதிகமாகப் பூட்டுக. செலவு சிறிது, காக்கப்படும் பம்பியோ மிக விலையுயர்ந்தது.

காற்று வடிகட்டி. பழைய இயந்திரங்களில் எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியே உண்டு. நம் செம்மண் தூசியில் அது நன்கு உழைக்கும். ஆனால் வெயிற்காலத்து உழவின்போது நாள்தோறும் திறந்து பார்த்து, சேறு படிந்த எண்ணெயை மாற்றுதல் வேண்டும். கடதாசி வடிகட்டி தூசியை மேலும் நுண்மையாகத் தடுக்கும். எனினும், புதிய கடதாசி உரிய காலத்தில் வாங்கிப் பூட்ட இயலாதவர் அதற்கு மாறலாகாது. அடைபட்ட, கிழிந்த கடதாசியினும் கழுவிய எண்ணெய்த் தொட்டி நன்று.

குளிரூட்டும் பகுதி. இயந்திரம் கொதிக்கின்றது என்று பெரிய றேடியேற்றர் தேடுவோர் உளர். முதலில் றேடியேற்றரின் இடுக்குகளில் அடைந்த வைக்கோற்றுகளையும் பதரையும் பின்பக்கமிருந்து நீரடித்துக் கழுவுக. விசிறிப் பட்டியின் தளர்ச்சியைப் பார்க்க. வன்னியின் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது; அது கொதிக்கும்போது உட்குழாய்களிற் சுண்ணாம்புப் படிவு சேரும். மழைநீரைச் சேமித்து அதனையே ஊற்றுக. பெரும்பாலான கொதிப்பு இவ்வளவிலேயே நீங்கும்.

மின்பகுதி. பழைய டைனமோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போது மிகக் குறைந்த மின்னையே தரும். பகலில் மட்டும் உழுபவர்க்கு அது போதும். தேய்ந்த கரித்துண்டுகளை மாற்றித் திருத்துக. இரவில் விளக்கேற்றி உழுபவரும் சூடடிப்பவரும் ஆல்ற்றனேற்றர் பூட்டுதல் தக்கது. அதற்குமுன் ஒன்றைக் கவனிக்க: பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் பற்றரியின் நேர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றாது ஆல்ற்றனேற்றரைப் பூட்டினால் அது இணைத்த கணமே எரிந்துபோகும்.

கிளச்சு. இதனை மாற்றுவதற்கு இயந்திரத்தை நடுவே இரண்டாகப் பிரித்தல் வேண்டும். கூலியும் நாளும் இதிலேயே மிகுதியாகச் செல்லும். ஆகவே, ஒருமுறை பிரித்தால் கிளச்சுத் தட்டுடன் விலக்கும் பெயாரிங், முன் பெயாரிங், பின்பக்க எண்ணெய்ச் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுக. பறக்குஞ்சில்லின் முகம் வெந்து வெடித்திருப்பின் அதனையும் கடைந்து சமப்படுத்துக. ஒரு பெயாரிங்கின் விலையை மிச்சம் பிடித்து மறுபோகத்தில் மீண்டும் பிரித்தல் மதியன்று. இரட்டைக் கிளச்சு உள்ள இயந்திரத்தில், மிதியைப் பாதியளவு அழுத்தினால் சில்லுகள் நிற்கும், பின்புறச் சுழல்தண்டு ஓடிக்கொண்டிருக்கும். சூடடிக்கவும் சுழல்கலப்பைக்கும் இது பெருநன்மை. இரட்டைக் கிளச்சைக் கழற்றிவிட்டு மலிவான ஒற்றைக் கிளச்சு பூட்டுவோர் இவ்வசதியை இழப்பர்.

சுக்கான். திருப்புதல் கடினமாயிற்று என்றவுடன் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கானைப் பூட்ட எண்ணுதல் வேண்டா. முன் ரயர்களின் காற்று, முன் அச்சு முளைகளின் புஷ்கள், இணைப்புக் கோல்களின் முனைகள், கிறீஸ் ஆகியவற்றைச் சீர்செய்தபின் மீண்டும் ஓட்டிப் பார்க்க. அதன்பின்னும் கடினமாக இருந்து, முன்புறத்தில் பாரம் ஏற்றி வேலை செய்பவராயின் மாற்றுதல் பயன்தரும்.

சில்லும் கருவியும். பின் ரயரைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு கியரிலும் வேகம் கூடும். ஆனால் இழுவிசை குறைந்து, பின் அச்சின் சுமை மிகும். சேற்றுழவுக்கான இரும்புச் சில்லை ரயரின் வெளியே பூட்டும்போது, அச்சு முனையில் நெம்புகோல் போன்ற விசை உண்டாகின்றது. அதனை வேண்டிய அளவுக்கு மேல் அகலமாக்கற்க. அதனுடன் வீதியில் ஓட்டற்க. சுழல்கலப்பை வாங்குபவர், முன்னர்க் கூறிய 38 குதிரைவலுவை நினைவிற்கொள்க. புதிய பெரிய இயந்திரத்துக்குச் செய்த அகலமான சுழல்கலப்பையைப் பழைய 135 இற் பூட்டினால் கிளச்சும் கியரும் ஒருங்கே கெடும். கருவியைச் சிறிதாக்குதலும் இயந்திரத்தைக் காக்கும் வழியேயாம்.

தூக்கும் பகுதி. பெர்கூசன் முறையில் தூக்கும் பம்பி பின் அச்சு எண்ணெயினுள்ளேயே அமிழ்ந்துள்ளது. சேற்று வயலில் உழைக்கும் இயந்திரத்தில் சீல்கள் வழியே நீர் புகுந்து எண்ணெய் பால்போல் வெளுக்கும். அந்நிலையில் கலப்பை மெதுவாக உயரும் அல்லது தானே தாழும். புதிய பம்பி வாங்குமுன் எண்ணெயை முற்றாக வடித்து, வடிகட்டியைக் கழுவி, சீல்களை மாற்றிப் புதிய எண்ணெய் விடுக. அவ்வளவிலேயே பல பம்பிகள் நன்றாக வேலை செய்யும்.

4. உயிர்காக்கும் பாகங்கள்

மேற்கூறிய எல்லாவற்றிலும் செலவு பார்க்கலாம்; இவற்றிற் பார்க்கலாகாது.

தடுப்பு நனைந்து பிடியாதிருப்பின், தட்டுகளை மட்டும் மாற்றாது எண்ணெய் ஒழுகும் அச்சுச் சீலையும் மாற்றுக. நெல் மூடைகளுடன் பெட்டி இழுத்துக் குளக்கட்டிலிருந்து இறங்குபவர்க்குத் தடுப்பே உயிர். பின்புறச் சுழல்தண்டின் காவல் மூடி உடைந்திருப்பின் உடனே பூட்டுக. அத்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றும், சாரத்தின் ஒரு முனை பட்டாலும் ஆளை இழுத்துவிடும்.

சேற்றிற் புதைந்த இயந்திரத்தின் பின்சில்லில் மரக்குற்றியைக் கட்டி முன்னோக்கி ஓட்டுதல் மிகக் கொடிய ஆபத்து. சில்லு சுழல இயலாதபோது இயந்திரத்தின் முன்பகுதியே மேலெழும்பிப் பின்னே கவிழும். அது ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்குள் நிகழ்ந்துவிடும், குதிக்க நேரமிராது. சேற்றை வெட்டியகற்றிப் பின்னோக்கியே எடுக்க. வேறோர் இயந்திரத்தால் இழுப்பதாயின், இழுக்கும் இயந்திரத்தின் தாழ்ந்த இழுகொளுவியிலேயே சங்கிலியைப் பூட்டுக; மேற்கோலிற் பூட்டற்க.

கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய உழவு இயந்திரங்களுக்குச் சுவீடன் 1959 இலேயே கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. பிரித்தானியாவில் 1970 முதல் புதிய இயந்திரங்களுக்குக் காப்பறை வேண்டும் என விதிக்கப்பட்டது. அதற்குமுன் செய்யப்பட்ட 135கள் பலவற்றில் இச்சட்டம் இல்லை. பழைய இயந்திரத்துக்கு நீங்கள் பூட்டத்தக்க உயர்ந்த பாகங்களுள் இதுவே தலையாயது. ஆயின், வெயிலுக்காகக் குழாயில் அடித்த கூரை காப்புச் சட்டமாகாது. சோதிக்கப்பட்ட அமைப்பையே வாங்கி, பின் அச்சு உறையில் உரிய ஆணிகளாற் பூட்டுக, உறையில் ஒட்டற்க. சட்டம் உள்ள இயந்திரத்தில் ஆசனப்பட்டி அணிதல் வேண்டும். சட்டம் இல்லாததில் அணிதல் கூடாது.

5. செலவைக் கணக்கிடும் முறை

கடையில் கேட்கும் விலை முழு விலையன்று. பாகத்தின் விலையுடன் பூட்டுகூலியைச் சேர்த்து, அது உழைக்கும் போகங்களால் வகுத்தல் வேண்டும். கணக்கு விளங்கும்பொருட்டுச் சில இலக்கங்களைக் கற்பனையாகக் கொள்வோம்.

பழைய கிளச்சுத் தட்டைத் திருத்த 20,000 ரூபா. இயந்திரத்தைப் பிரித்துச் சேர்க்க 15,000 ரூபா. அது இரண்டு போகம் உழைக்கும். ஒரு போகச் செலவு 17,500 ரூபா. புதிய தட்டு 60,000 ரூபா. பிரித்துச் சேர்க்க அதே 15,000 ரூபா. அது எட்டுப் போகம் உழைக்கும். ஒரு போகச் செலவு 9,375 ரூபா. இங்கே புதியதே மலிவு.

டைனமோவைத் திருத்த 4,000 ரூபா. நான்கு போகம் உழைக்கும். ஒரு போகச் செலவு 1,000 ரூபா. ஆல்ற்றனேற்றருக்கு 30,000 ரூபா. பத்துப் போகம் உழைக்கும். ஒரு போகச் செலவு 3,000 ரூபா. இரவு வேலை இல்லாதவர்க்குத் திருத்துதலே மலிவு.

இதே முறையில் உங்கள் கராச்சிற் கேட்ட உண்மையான விலைகளை இட்டுப் பார்க்க. இயந்திரம் நின்ற நாட்களில் இழந்த வாடகையையும் சேர்க்க மறவற்க. கழற்றுவதற்கு அரிய பாகத்தில் புதியதும், எளிதிற் கழற்றக்கூடிய பாகத்தில் திருத்தமும் பெரும்பாலும் இலாபந்தருதலைக் காண்பீர்கள். கடன்பட்டு உயர்ந்த பாகம் வாங்குபவர், ஒரு போகம் பொய்த்தாலும் அக்கடனைக் கட்ட இயலுமா என்றும் எண்ணிப் பார்க்க.

6. எப்போது செய்வது?

திருத்துதற்கு உகந்த காலம், காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பின்னராகும். அப்போது கையிற் பணம் உண்டு, கராச்சில் நெரிசல் இல்லை, பாகம் வரும்வரை காத்திருக்கவும் நாள் உண்டு. புரட்டாதி மாதத்தில் அவசரமாகச் செய்யும் திருத்தம் கிடைத்த பாகத்தைக் கொண்டே முடியும். எந்தப் பெரிய மாற்றத்தையும் உழவுக்கு ஒரு மாதம் முன்னரே முடித்து, மேட்டுநிலத்தில் உழுந்து, கச்சான், மரக்கறிப் பாத்திகளுக்கான சிறு வேலைகளில் ஓட்டிச் சோதித்தபின் வயலில் இறக்குக. ஒரே முறையில் பல பாகங்களை மாற்றற்க. மாற்றினால் புதிதாகத் தோன்றும் குறை எதனால் வந்தது என அறிதல் அரிது.

7. சுருக்கம்

பழுதின் காரணத்தை அறியாது பாகம் வாங்கற்க. வேலை மாறாதாயின் பழைய அளவிலேயே திருத்துக. வேலை மாறியிருப்பின், மேலதிகச் சுமையை அடுத்த பாகம் தாங்குமா என்று பார்த்து உயர்த்துக. அரிதிற் கழற்றும் இடத்தில் நல்ல புதிய பாகத்தையே இடுக. தடுப்பு, காவல் மூடி, காப்புச் சட்டம் ஆகியவற்றுக்கு முதலிடம் தருக. செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் திகதியுடன் கொப்பியில் எழுதுக; அடுத்த திருத்துநர்க்கும், நாளை அவ்வியந்திரத்தை ஓட்டப்போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் அது வழிகாட்டும்.

ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் அணுகி, அக்கொப்பியைக் காட்டி ஆலோசனை பெறுக.